சிங்கப்பூரிலிருந்து சயாம் வரை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று துறைத்தலைவர் கேட்டபோது, சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு துறையை எடுத்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். இத்துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி 2012-இல் ஓய்வு பெற்றவனுக்கு அது கடினமான செயலன்று. பிசிராந்தையார் நட்பைப் பற்றி எழுதவும் தொடங்கினேன். ஆனால், 2024 பிப்ரவரித் திங்களில் நான் மேற்கொண்ட ஒரு பயணம் இடையிடையே வந்து எழுத்தை மறித்தது. ஆகவே, பிசிராந்தையாரை அடுத்த மலருக்கு ஒத்திவைத்துவிட்டு இதனை எழுதுகிறேன்.

நாங்கள் நால்வர். 1977 முதல் 1979 வரை இக்கல்லூரியில் முதுகலைத் தமிழ் பயின்றோம். விடுதியில் ஒரே அறையில் தங்கினோம். படிப்பு முடிந்ததும் ஒருவர் சிங்கப்பூர் சென்று ஆசிரியரானார். ஒருவர் 'சிதம்பரம்' கப்பலேறிப் பினாங்கு சென்று, மாமனாரின் பணமாற்றுக் கடையில் அமர்ந்தார். மூன்றாமவர் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். எங்களுள் தமிழை உண்மையாகக் கற்றவர் அவர் ஒருவரே. அவர் 1980-இல் பாங்காக் நகரத்துக்குச் சென்று, உறவினரின் இரத்தினக்கல் வணிகத்தில் சேர்ந்தார். நான் ஒருவனே இங்குத் தங்கினேன். நான் தங்கியதற்கும் அவர் போனதற்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று நாற்பத்தைந்து ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

சென்னையிலிருந்து பாங்காக்கிற்கு விமானத்தில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். அதற்குள் என்னால் அந்த ஒரு வாக்கியத்தை அமைத்துவிட முடியாது என்பதை நானறிவேன். ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு வாக்கிய அமைப்பைக் கற்பித்தவன் இப்படிச் சொல்வது நகைப்புக்குரியதுதான். சிங்கப்பூர் வரை விமானத்தில் சென்று, அங்கிருந்து தரைவழியே இரயிலில் மலேசியாவைக் கடந்து பாங்காக்கை அடைவது என்று திட்டமிட்டேன். ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். வழியில் மற்ற இரு நண்பர்களையும் கண்டதாகும். வாக்கியத்துக்கும் நாள் கிடைக்கும். "எழுபது வயதில் இது தேவையா?" என்று வீட்டில் கேட்டார்கள். தேவை என்று மட்டும் சொன்னேன்.

சிங்கப்பூர் நண்பர் ஓய்வு பெற்றுவிட்டார். மூட்டுவலியால் நடை தளர்ந்திருந்தாலும் என்னை அவர் முதலில் அழைத்துச் சென்ற இடம் தஞ்சோங் பகார் பழைய இரயில் நிலையம். 1932-இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிக்கும் நான்கு பளிங்கு உருவங்கள் நிற்கின்றன. வெளியிலிருந்து பார்த்துத் திரும்பினோம். சிங்கப்பூர் மண்ணில் இருந்தும் அந்த நிலையமும் அதன் பாதையும் 2011 வரை மலேசிய இரயில்வேயின் வசம் இருந்தன. அவ்வாண்டு ஜூன் 30-ஆம் நாள் இரவு, கடைசி வண்டியை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றாராம். அக்கூட்டத்தில் நண்பரும் நின்றிருக்கிறார். "அழுதுவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை" என்றார். 1980-இல் தாம் முதன்முதலாகப் பினாங்கு நண்பரைக் காணப் புறப்பட்டது அந்த நடைமேடையிலிருந்துதான் என்பதைச் சற்று நேரம் கழித்துச் சொன்னார். பின்னர் அழுகைக்குக் காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது வண்டி நகரின் வடகோடியான உட்லண்ட்ஸிலிருந்து புறப்படுகிறது. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறுமுன்னரே அங்கு முடிந்துவிடுகின்றன. நீரிணையின் குறுக்கே அமைந்த கல்லணைப் பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமுடையது. 1923 முதல் அதன்மேல் இரயில் ஓடுகிறது. ஐந்து நிமிடத்தில் ஜோகூர் பாரு. பன்னாட்டுப் பயணத்தின் முதல் எல்லை, நம் ஊரில் ஒரு வாராவதியைக் கடக்கும் நேரத்தில் முடிந்தது.

ஜோகூர் பாருவிலிருந்து கெமாஸ் வரை டீசல் வண்டி, ஒற்றைப் பாதை. பக்கத்திலேயே மின்மயமான இரட்டைப் பாதைக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் தொடங்கிப் பாங்காக் வரை இப்பாதை முழுவதும் ஒரு மீட்டர் அகலமே. நம் பக்கத்துப் பழைய மீட்டர் பாதையில் பயணம் செய்தவர்களுக்கு அதன் தாலாட்டு மறந்திராது. பெட்டி இடமும் வலமும் அசைந்த அசைவில், கல்லூரிக்கு முதன்முதல் வந்த நாளின் இரயில் நினைவுக்கு வந்தது. இருமருங்கும் செம்பனைத் தோப்புகள். ஒரு காலத்தில் இவற்றிற் பலவும் நம்மவர் பால் வெட்டிய இரப்பர்த் தோட்டங்கள். வரிசை மாறாமல் நிற்கும் மரங்களைப் பார்த்துக்கொண்டே குறிப்பேட்டைத் திறந்தேன். 'மறந்தேன்' என்று எழுதினேன். அடித்துவிட்டு 'மறைத்தேன்' என்று எழுதினேன். இரண்டுக்கும் இடையே வேறுபடுவன இரண்டே எழுத்துகள். கெமாஸ் வரும்வரை இரண்டில் எது உண்மை என்று என்னால் தீர்மானிக்க இயலவில்லை.

கெமாஸ் ஒரு சந்திப்பு நிலையம். கிழக்குக் கரைக்குச் செல்லும் பாதை இங்கே பிரிகிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அந்தக் கிழக்குப் பாதையின் தண்டவாளங்களைப் பெருந்தொலைவுக்குப் பெயர்த்தெடுத்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். சயாமையும் பர்மாவையும் இணைத்து அவர்கள் அமைத்த பாதைக்கு அவை தேவைப்பட்டன. தண்டவாளத்தை மட்டுமா கொண்டுபோனார்கள்? அச்செய்தி பினாங்கில் எனக்காகக் காத்திருந்தது.

கோலாலம்பூரில் ஓரிரவு தங்கினேன். புதிய மைய நிலையம் 2001-இல் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் எழுந்தது. வெளியே வந்தால் தமிழ்க் கடைப்பெயர்கள். 1910-இல் கட்டிய பழைய நிலையம், குவிமாடங்களும் வளைவுகளுமாக, அரண்மனை என்று மயங்கும்படி அருகிலேயே நிற்கிறது. மறுநாள் மின்வண்டியில் பட்டர்வொர்த்துக்கு நான்கு மணி நேரப் பயணம். வண்டியின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொடுகிறது என்று பெட்டியிலிருந்த பலகை காட்டியது. ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாய் எழுந்து மறைந்தன. அதன்பின் தைப்பிங். மலாயாவின் முதல் இரயில் 1885 ஜூன் 1-ஆம் நாள் இவ்வூரிலிருந்துதான் கடற்கரைத் துறைமுகம் வரை ஓடியது. எட்டு மைல் தொலைவு. ஈயத்தைக் கப்பலில் ஏற்றுவதற்காகப் போட்ட பாதை. போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழிலாளர். பிற்காலத்தில் நிலையத் தலைவர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத்தார் பலர் இந்த இரயில்வேயில் இருந்தனர். கல் உடைத்ததும் கட்டை அடுக்கியதும் பெரும்பாலும் தமிழகத்தார். மலேசியத் தமிழர் இருப்புப்பாதையைக் 'கம்பிச்சடக்கு' என்பார்கள் என்று பினாங்கு நண்பர் பின்னர் சொன்னார். நம் பாடநூற்களில் 'இருப்புப்பாதை' என்று எழுதியவர்களுக்கு இப்படி ஒரு சொல் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகேறினால் பினாங்கு. துறையிலேயே நண்பர் நின்றார். தலை முழுதும் நரைத்துவிட்டது. குரல் மட்டும் விடுதி அறையில் கேட்ட அதே குரல். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு அருகில் அவரது கடை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, பல நாட்டுத் தாள்கள். "உலகத்தில் உள்ள மன்னர்களும் தலைவர்களும் என் மேசைமேல் முகம் காட்டுகிறார்கள். நீதான் வர இத்தனை நாளாயிற்று" என்றார்.

இரண்டாம் நாள் இரவு, அவர் மனைவி நிறைய உணவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா, அண்ணன்?" என்று கேட்டு ஓய்ந்தபின், மாடித் தாழ்வாரத்தில் அமர்ந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

1979 ஜூனில் இத்துறையில் ஒரே ஒரு பணியிடத்துக்கு விண்ணப்பம் கோரியிருந்தார்கள். கடற்கரை ஊர் நண்பரும் நானும் விண்ணப்பம் எழுதினோம். அவருடைய மதிப்பெண் என்னுடையதை விட உயர்ந்தது. பேராசிரியர்கள் அனைவருக்கும் அவர்மேல் தனி மதிப்பு. வேறு எவரும் வந்தாலும் வராவிட்டாலும் அவ்விடம் அவருக்கே என்பது எங்கள் அறைக்கே தெரியும். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னர், அவர் தந்தையார் உடல்நலங் குன்றியிருப்பதாகத் தந்தி வந்தது. அவர் தம் உறையை என் கையில் கொடுத்து, "அலுவலகத்தில் சேர்த்துவிடு" என்று சொல்லிவிட்டு இரவு வண்டிக்கு ஓடினார். மறுநாள் நான் அலுவலகம் சென்றேன். பையைத் திறந்து என் உறையைக் கொடுத்தேன். அவர் உறை அதே பையில், ஒரு நூலின் இடையில் இருந்தது. என் உறையை எடுத்த விரல்கள் அதன் விளிம்பில் பட்டன என்பது இன்றும் நினைவிருக்கிறது. கடைசி நாளுக்கு மறுநாள்தான் அதனைச் சேர்த்தேன். "காலம் கடந்தது" என்று எழுத்தர் ஒருபுறமாக எடுத்து வைத்தார். அவர் செய்ததில் தவறில்லை.

ஊரிலிருந்து திரும்பிய நண்பர், செய்தி கேட்டு என்னிடம் சொன்னது இது: "கடைசி நாளை நான்தான் தவறாக நினைவில் வைத்திருக்கிறேன். உனக்கும் வீண் அலைச்சல் கொடுத்துவிட்டேன்." நான் அவரை மறுத்துப் பேசவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் மாதந்தோறும் ஊதியம் வாங்கினேன். அவர் ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பரில், பாங்காக்கிலிருந்து கடிதம் எழுதுவார். இறுதியில் தவறாமல் ஒரு வினா இருக்கும்: "துறை எப்படி இருக்கிறது?"

பினாங்கு நண்பர் முழுவதும் கேட்டார். பின்னர், "இதை என்னிடம் ஏன் சொல்கிறாய்? ஒத்திகை பார்க்கிறாயா?" என்றார். விடை சொல்ல வாய் வரவில்லை. உண்மையும் அதுதான்.

மறுநாள் காலை அவர் என்னைக் கடைக்குப் பக்கத்தில் அப்பம் சுட்டு விற்கும் மூதாட்டி ஒருவரிடம் அழைத்துச் சென்றார். வயது எண்பத்தொன்று. நான் சயாம் போகிறேன் என்று நண்பர் அவரிடம் முன்னரே சொல்லியிருக்கிறார். அம்மூதாட்டியின் தந்தை கெடாவில் ஒரு தோட்டத்துத் தொழிலாளி. 1943-இல், மகள் பிறந்து மூன்றாம் மாதம், ஜப்பானியர் அவரைச் சயாமுக்கு வேலைக்கென்று இரயிலேற்றினார்கள். திரும்பவில்லை. தாயார் கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. இறந்தவருக்குச் செய்யும் எதையும் செய்யவும் இல்லை. "உடம்பைப் பார்க்காமல் எப்படிச் செய்வது என்று அம்மா கேட்பார்" என்றார். பிறகு சேலைத் தலைப்பிலிருந்து ஒரு சிறு துணிமுடிச்சை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு பிடி அரிசி. "வாய்க்கரிசி, தம்பி. எங்கே போடுவது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் படித்தவர், இடம் தெரிந்தால் போடுங்கள்." தந்தையின் பெயரை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். 'மறந்தேன், மறைத்தேன்' என்று அடித்து எழுதியிருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கம் அது.

பட்டர்வொர்த்திலிருந்து எல்லையூரான பாடாங் பெசாருக்கு உள்ளூர் மின்வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரே நிலையக் கட்டடத்தில் மலேசிய, தாய்லாந்து அதிகாரிகள் இருவரும் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு மேசையில் வெளியேறி, சில அடி நடந்து, மறு மேசையில் நுழைய வேண்டும். தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். அரிசியை எல்லை தாண்டிக் கொண்டு செல்லலாமா என்ற அச்சம் எனக்கு. பையைத் திறக்கச் சொன்ன அதிகாரி முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். கைகளைக் கூப்பி, கண்களை மூடிக் காட்டினேன். அவர் முடிச்சை அவிழ்க்காமல் திரும்ப வைத்தார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, அறியேன்.

தாய்லாந்து வண்டியின் படுக்கைப் பெட்டி மாலையில் புறப்பட்டது. ஹாட்யாய் நிலையத்தில் பெட்டிகள் பல சேர்ந்து வண்டி நீண்டது. பொரித்த கோழியும் பிசுபிசுப்பான சோறும் விற்றார்கள், வாங்கி உண்டேன். இருட்டியதும் பணியாளர் வந்து இருக்கைகளை இழுத்து மடக்கி, வெள்ளை விரிப்பு விரித்து, திரையைத் தொங்கவிட்டுச் சென்றார். எதிரில் ஓர் இளம் தாய் குழந்தையை உறங்கவைத்தாள்.

எனக்கு உறக்கம் வரவில்லை. 1943-இல் அந்தத் தோட்டத் தொழிலாளரும் இதே பாதையில்தான் வந்திருக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து போர்க் கைதிகளைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவர நான்கைந்து நாட்கள் ஆயின. தோட்டத் தொழிலாளர் வந்ததும் அத்தகைய வண்டிகளில்தான். அவர்கள் இறக்கப்பட்ட இடம் பான் போங் என்ற சிற்றூர். அங்கிருந்து பர்மா நோக்கிக் காட்டுக்குள் 415 கிலோமீட்டர் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். மலாக்கா நீரிணை வழியே பர்மாவுக்குப் படைப்பொருள் அனுப்புவது எதிரிக் கப்பல்களால் ஆபத்தாகிவிட்டது. அதனால் இவ்வளவு அவசரம். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் அங்கு வேலை செய்தனர். பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். இவர்களுக்குப் பதிவேடு உண்டு. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர் எனப் பிடித்து வரப்பட்ட ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சத்துக்கும் குறையாதவர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன. இறந்தோர் ஏறத்தாழ 90,000 என்பது ஒரு மதிப்பீடு. மதிப்பீடு என்றால் எண்ணவில்லை என்று பொருள்.

விடிந்தபின் பான் போங் வந்தது. பூந்தொட்டிகள் வைத்த தூய்மையான நிலையம். பள்ளிச் சீருடையில் சில பிள்ளைகள் நின்றனர்.

பாங்காக்கில் தொலைதூர வண்டிகளிற் பெரும்பாலானவை 1916 முதல் ஹுவா லம்போங் நிலையத்துக்கே வந்துகொண்டிருந்தன. 2023 ஜனவரியில் அவற்றைப் பாங் சூவில் கட்டிய பெரிய முனையத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பரப்பில் நண்பரை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று கலங்கினேன். அவர் பெட்டி வாயிலிலேயே நின்றார். மகன் அருகில் நின்று, "வாங்க மாமா. வாப்பா இரவெல்லாம் தூங்கவில்லை; வண்டி எங்கே வருகிறது என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருந்தார்" என்றான். நண்பர் என்னைத் தழுவிக்கொண்டு கேட்ட முதல் வினா: "துறை எப்படி இருக்கிறது?"

சீலோம் சாலைப் பகுதியில் அவர் அலுவலகம். மேசை விளக்கின்கீழ் கற்களை வரிசையாகப் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கிறார். மாணிக்கமும் நீலமும் சந்தபுரிச் சந்தையிலிருந்து வருகின்றன. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டி, கற்களின் குற்றங்களைப் பட்டியலிடுகிறது அல்லவா? "முதுகலையில் படித்தவற்றுள் எனக்குச் சோறு போட்டது அந்தப் பகுதி ஒன்றுதான்" என்று சிரித்தார். ஒரு நீலத்தை என் கண்ணெதிரே பிடித்து, உள்ளே மயிரிழைபோல் ஓடிய கீற்றைக் காட்டினார். "சூடேற்றினால் இது மறையும். ஆனால் போகாது; தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான்." அவர் கல்லைப் பற்றித்தான் பேசினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நான் உருப்பெருக்கியை மேசைமேல் வைத்துவிட்டேன்.

இரண்டு நாட்கள் அவர் வீட்டில் இருந்தும் என் வாக்கியம் வெளிவரவில்லை. மூன்றாம் நாள் அரிசி முடிச்சைக் காட்டி மூதாட்டியின் செய்தியைச் சொன்னேன். அவர் உடனே, "நாளை போவோம்" என்றார். தொன்புரி நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்குச் சற்று முன் ஒரு சாதாரண வண்டி புறப்பட்டு, காஞ்சனபுரி வழியாக, அந்தப் பழைய பாதையில் எஞ்சியுள்ள பகுதியின் கடைசி நிலையமான நாம் தோக் வரை இன்றும் போகிறது. மரப் பலகை இருக்கைகள், திறந்த சன்னல்கள், மேலே சுழலும் மின்விசிறி. எதிரெதிரே அமர்ந்தோம்.

நகோன் பதோமின் பெரிய தூபி சன்னலில் தோன்றி மறைந்த பிறகு சொன்னேன். அமைத்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. "உன் விண்ணப்பம் காலம் கடந்ததற்குக் காரணம் நீயில்லை. அது என் பையில் இருந்தது. என்னுடையதைக் கொடுத்தபோதும் இருந்தது" என்றேன்.

"மறந்துவிட்டாயா?" என்று கேட்டார்.

"மறந்தேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன்."

அவர் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். கரும்பு வயல்களும் வாய்க்கால்களும் கடந்தன.  பர்மாப் பாதை பிரியும் நோங் பிளாடுக் வந்தது. வண்டி அங்கு நின்று புறப்பட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. நான் எதிர்பார்த்தவை இரண்டு. 'அப்போதே தெரியும்' என்று சொல்லக்கூடும். 'அதனால்தானே நான் பொருள் ஈட்டினேன்' என்று ஆறுதல் கூறக்கூடும். கதைகளில் அப்படித்தான் நடக்கிறது.

நெடுநேரம் கழித்து அவர் சொன்னார்: "எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உனக்கு ஒரு கடிதமும் எழுதியிருக்க மாட்டேன்." சற்று நிறுத்தி, "வாப்பா அந்த ஆண்டே இறந்துபோனார். ஒரு தேதியைக்கூடச் சரியாகப் பார்க்கத் தெரியாதவன் என்று கடைசிவரை என்னைச் சொல்லிக்கொண்டிருந்தார்" என்றார்.

இந்தச் செய்தி எனக்குத் தெரியாது. என் கணக்கில் வேலை ஒன்றுதான் இருந்தது.

காஞ்சனபுரியில் இறங்கினோம். நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் போர்க் கல்லறைத் தோட்டம். வெட்டிச் சீர்செய்த புல்வெளியில் பிரித்தானியர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் என ஏறத்தாழ ஏழாயிரம் பேர் பெயரோடும் வயதோடும் வரிசையாக உறங்குகிறார்கள். பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்து நான்கு என்ற வயதுகள். அவர்களுக்காகவும் மனம் கனத்தது. நண்பர் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு கல்லையும் படித்தார். கற்களைப் படிப்பது அவர் தொழில். ஒரு தமிழ்ப் பெயரும் இல்லை.

தவோர்ன் வராராம் என்னும் புத்த கோயில் அங்கிருந்து தொலைவில் இல்லை. பெயரறியாத ஆசியத் தொழிலாளரின் எச்சங்கள் புதைக்கப்பட்ட இடத்தில் ஒரு தூபி நிற்கிறது. அவ்வளாகத்தில் 2023-இல் அவர்களுக்காக ஒரு நடுகல்லும் நிறுவியிருக்கிறார்கள். நடுகல்லைப் பற்றி எத்தனை ஆண்டுகள் வகுப்பெடுத்திருக்கிறேன்! காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன். இறந்து எண்பது ஆண்டு கழித்து நடப்பட்ட கல்லின் முன் நிற்பேன் என்று எண்ணியதில்லை.

முடிச்சு இறுகியிருந்தது. என் விரல்கள் நடுங்கின. நண்பர் அதை வாங்கி, கல் கோக்கும் பொறுமையுடன் அவிழ்த்து, துணியை விரித்து என்முன் நீட்டினார். குறிப்பேட்டைப் பிரித்து அந்தத் தொழிலாளியின் பெயரை உரக்கப் படித்தேன். அரிசியைக் கல்லின் அடியில் மூன்று முறையாக இட்டேன். நண்பர் தம் வழக்கப்படி இரு கைகளையும் ஏந்தி நின்றார். எத்தனை நேரம் நின்றார் என்று நான் பார்க்கவில்லை. வெறுந்துணியை மடித்து, மூதாட்டியிடம் திருப்பித் தருவதற்காகப் பையில் வைத்துக்கொண்டேன்.

பாலத்தையும் பார்த்தோம். நடுவிலுள்ள இரு கோண வடிவப் பகுதிகள் போருக்குப்பின் ஜப்பானியர் ஈடாகக் கட்டிக்கொடுத்தவை, வளைந்தவை பழையவை. சுற்றுலா வந்தோர் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தனர்.

மாலை வண்டியில் திரும்பினோம். ஏறுமுன் நண்பர் இரண்டு காப்பி வாங்கினார். ஒன்றை என்னிடம் நீட்டியபோது, "உனக்குச் சர்க்கரை ஆகாதே, மறந்துவிட்டேன்" என்று சொல்லி, சட்டென்று நிறுத்தினார். பிறகு தம் காப்பியை எனக்குக் கொடுத்துவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டார். தொன்புரி வரும்வரை பிள்ளைகளைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் பேசினோம்.

ஊர் திரும்பிய அவ்வாண்டு நவம்பரில் அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. அடுத்த மார்ச்சில் வந்தது. ஒரு பக்கக் கடிதம். இறுதியில் வழக்கமான அந்த வினா இல்லை. இக்கட்டுரையை எழுதலாமா என்று கேட்டு நான் எழுதியதற்கு, "எழுது. பெயர் போடாதே. வாப்பா சொன்னதைச் சேர்த்து எழுது" என்று பதில் அனுப்பினார். அவ்வாறே எழுதியிருக்கிறேன்.

இம்மலரின் படி ஒன்றைப் பாங்காக்கிற்கு அஞ்சலில் அனுப்பும்படி துறைத்தலைவரிடம் முகவரி கொடுத்துள்ளேன். நானே அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லவில்லை.